நடுச்சுவரின் சூடு

என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். சுவருக்கு இரண்டு பக்கமும், குளிர்காய விறகு எரிக்க ஆளுக்கொரு கணப்பு. மேலே போவது ஒரே புகைபோக்கி. குளிர்காலத்துக்கு விறகை மட்டும் சேர்ந்துதான் பிளப்பார்கள். இந்த வருடம் கொழுந்தனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கணுவுல அடிக்காதீங்கண்ணே, ஓரத்துல ஆப்பு வைங்க" என்று வாயாலேயே விறகு பிளந்தார்.

இவர் தனியாளாக மல்லுக்கட்டினார். எல்லாம் வைரம் பாய்ந்த கட்டைகள். கோடாலி பாதியில் சிக்கிக்கொள்ளும். ஆப்பு வைத்துச் சம்மட்டியால் போட்டால்தான் பிளக்கும். கோடை முழுக்கக் காயவைத்து, கொல்லைச் சுவர் உயரத்துக்கு அடுக்கினார். "இது நின்னு எரியும். பெட்டிப் பலகை மாதிரி பொசுக்குனு போயிடாது" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

முதல் குளிருக்குக் கணப்பு மூட்டினோம். மறுநாள் காலையில் கொழுந்தனார் வந்து மனசார நன்றி சொன்னார்.

"உங்க புண்ணியத்துல சுவரே கதகதன்னு இருக்குண்ணே. எங்க பக்கம் மூட்டவே வேணாம் போல."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றோடு எங்கள் கணப்பு அணைந்தது.

"அவன் சுகமா குளிர்காய நான் இடுப்பொடிய வெட்டினேனா?"

அதன்பிறகு இரண்டு ஸ்வெட்டருக்குள் புகுந்துகொண்டு, வெறும் கணப்பின் முன்னால் உட்கார்ந்து தம்பியைப் பழிவாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் பற்றியது அது ஒன்றுதான்.

அப்போதுதான் மகள் போன் செய்தாள். பேரனை முதல்முறையாகத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம்.

"வீடு சூடா இருக்குமில்லம்மா? இப்பதான் இவனுக்குச் சளி விட்டிருக்கு. குளிர்னா தங்க மாட்டேன்."

போட்டோவிலேயே பார்த்துப் பார்த்து ஏங்கிப்போன பிள்ளை. இவருக்கும் ஆசைதான்; நான் பார்க்காத நேரத்தில் அந்தப் போட்டோவைத் தடவிக்கொண்டிருப்பார். நானே மூட்டப் போனேன். தீப்பெட்டியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கம்பளி இருக்குல்ல? போதும்."

மகள் வந்தாள். உள்ளே கால் வைத்ததும் அவள் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது.

"என்னப்பா இது, உள்ளவிட வெளியவே தேவலாம் போல!"

முகம் தெரியாமல் போர்த்தியிருந்த பிள்ளையை அணைத்தபடி நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். பேரன் வருகிறான் என்று கேள்விப்பட்டு, கொழுந்தனார் பிடித்த இடுப்போடு கடைக்குப் போய் விறகு வாங்கி வந்து மூட்டியிருந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் ஓரகத்தியின் மடியில் பேரன் கையைக் காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிள்ளையின் பை ஒன்றை மகள் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டாள் என்று சாயங்காலம் எடுக்கப் போனேன். இவர் நாற்காலியை நடுச்சுவரோடு ஒட்டிப் போட்டு முதுகைச் சாய்த்திருந்தார். ஒரு ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தார்.

"சொத்தை விறகு போட்டிருக்கான். சூடு நிக்கவே மாட்டேங்குது" என்றார்.

அந்தப் பக்கம் பேரன் கெக்கலித்தான். இவர் சட்டென்று திரும்பிச் சுவரில் காதை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"யாரு ஜாடை?"

"நாலு எட்டு வச்சா பாத்துடலாம். வாங்களேன்."

"அவன் மூட்டின நெருப்புல நான் போய்க் குளிர்காயணுமா?" என்று கேட்டுவிட்டு, முதுகைச் சுவரோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டார்.