கொட்டாவி

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் செமினார் அன்று வந்தது. இரவு பகலாக மனப்பாடம் செய்திருந்தாள். மேடையேறியதும் முதல் வாக்கியமே தொண்டையில் சிக்கிக்கொண்டது. வாய் திறந்தபடி இருந்தது, கண்கள் பாதி மூடின, சொல் மட்டும் வரவில்லை. கடைசி பெஞ்சில் யாரோ படம் பிடித்தார்கள். மதியத்துக்குள், தலையில் கரடித் தொப்பி ஒட்டப்பட்டு, அது வகுப்பு வாட்ஸப் குழுவில் 'கொட்டாவி' என்று ஸ்டிக்கராக வந்து விழுந்தது.

கோபப்பட்டால் இன்னும் ஏறி மிதிப்பார்கள் என்று அவளும் சிரித்தாள். தானே ஒருமுறை அதை அனுப்பியும் வைத்தாள். அதுவே வினையாயிற்று. அவளே ரசிக்கிறாள் என்று ஆளாளுக்கு அனுப்பினார்கள். பேராசிரியர் அறுத்தால் அவள் முகம். மெஸ்ஸில் சாப்பாடு ஆறிப்போயிருந்தால் அவள் முகம். மற்றத் துறைகளுக்கும் பரவியது. நூலகத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறைத்தோழியிடம் கெஞ்சினாள். "அத எடுக்கச் சொல்லேன். நீ சொன்னா கேப்பாங்க."

தோழி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "எத்தன பேர் போன்ல இருக்கோ, எங்கன்னு போய் எடுக்கறது? இப்பல்லாம் யாரும் உன்ன நெனச்சு அனுப்பறதில்லடி. அது வெறும் ஸ்டிக்கர்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கேலி என்றாவது ஓயும் என்று காத்திருந்தவளுக்கு, இது கேலிகூட இல்லை என்றானதும் காத்திருக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. வகுப்புக்குப் போவது குறைந்தது. கண்ணாடி பார்ப்பதை விட்டாள். போனை மட்டும் விட முடியவில்லை; புண்ணைச் சொறிவதுபோல் குழுவைத் திறந்து திறந்து பார்த்தாள்.

பரீட்சையன்று காலை செருப்பு மாட்டும்போது, குடும்பக் குழுவில் அம்மாவின் வாழ்த்து வந்தது. அதன் கீழே அதே ஸ்டிக்கர்.

உடனே அழைத்தாள். "அம்மா, இது உனக்கு எப்படி வந்துச்சு?"

"அந்தக் கொட்டாவியா? உங்க சித்தப்பா அனுப்புனாரு. விடிய விடியப் படிச்சிருப்பியேன்னு போட்டேன். பாக்க உன்ன மாதிரியே இருக்கால்ல, யாரு பெத்த பொண்ணோ?"

"ஆமாம்மா."

"சாப்பிட்டுப் போ. நல்லா எழுதுவ."

செருப்போடு கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"மணியாகுது, வரலியா?" என்றாள் தோழி.

"நீ போ. பின்னாலயே வரேன்."

அன்றும் எழுதவில்லை, அடுத்த பரீட்சைகளையும் எழுதவில்லை. வாரக் கடைசியில் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "என்னம்மா ஆச்சு? எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று பேருந்தில் வழியெல்லாம் கேட்டார். சொல்லலாம்தான். சொன்னால், எது என்று பார்க்கத் தன் போனை எடுப்பார். அதிலும் இருக்கும்.