ஒட்டிய பக்கம்

“பக்கத்த யாரு ஒட்டுனதுன்னுதான் கேக்குறேன்—”

“வந்ததும் வராததுமா, செருப்பக்கூடக் கழட்டாம—”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க அண்ணி.”

“புள்ள கஞ்சியக் கொட்டியிருக்கும். நான் என்னத்தக் கண்டேன்?”

“நாலு மூலையும் பாத்து, பிசிறில்லாமயா கஞ்சி கொட்டும்?”

மணிமேகலை துவைத்த துணியை உதறி உதறி மடித்தாள். அனுசுயாவின் புருஷன் அரவிந்தனுக்கு அக்கா அவள். புருஷன் வீட்டில் ஒத்துப்போகாமல் உப்பிலியபுரத்திலிருந்து வந்தவள், தம்பியின் ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே தங்கிவிட்டாள். அனுசுயாவுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அவள் வீடு வந்து சேருவதற்குள் மகள் வெண்பா தூங்கியிருப்பாள். அரவிந்தனுக்குத் திருவெறும்பூரில் இரண்டாவது ஷிப்ட். ஆக, எல்.கே.ஜி. போகிற பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, கால் கழுவி விடுவது, பாயில் போட்டுக்கொண்டு கதைப் புத்தகம் வாசிப்பது எல்லாம் அத்தை பாடுதான். அதற்காக அனுசுயா மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், இன்று காலை வரைக்கும்.

புத்தகம் அவள் வாங்கிவந்தது. தாய் நீர்நாய் மீன் பிடிக்கப் போகும். குட்டி காவிரிக் கரையில் உட்கார்ந்து தவளையிடமும் நாரையிடமும் ‘எங்கம்மாவைப் பார்த்தீங்களா’ என்று கேட்கும். கடைசிப் பக்கத்தில் அம்மா வாயில் மீனோடு வந்து நிற்கும். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் அதை வாங்கினாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பியபோது வெண்பா புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “டவுன்ல இருக்கிற குட்டிக்கும் நீதான் ஊட்டிவிடுவியா?” எந்தக் குட்டி என்றதற்கு, “உன்னோட வேற குட்டி. அத்தை புக்ல படிச்சாங்களே” என்றாள். பகல் முழுக்க அனுசுயாவின் கை பில் போட்டது, மனசு எங்கோ கிடந்தது. தலைவலி என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், வீட்டுக்குள் நுழைந்ததும் புத்தகத்தைத்தான் எடுத்தாள். கடைசி இரண்டு தாளும் ஒரே தாளாக இருந்தன.

“ஆமா, நான்தான் ஒட்டினேன்” என்றாள் மணிமேகலை, திடுமென்று. “என்ன இப்ப? அந்தப் படத்தப் பாத்துட்டு, அம்மா வந்துருச்சு, அம்மா வந்துருச்சுன்னு தினம் வாசல்ல ஓடிப்போய் நிக்கும். நீ வந்தியா? ஏங்கி ஏங்கி அழுதுட்டுத் தூங்கும். அதப் பாத்திருக்கியா நீ? அம்மா வராதுன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து நிம்மதியாத் தூங்குது.”

“அம்மாவுக்கு டவுன்ல வேற குட்டி இருக்குன்னு எதுக்குச் சொன்னீங்க?”

“ஏன் வராதுன்னு கேட்டுச்சு. எதாச்சும் சொல்லணும்ல.”

“அதுக்கு இதுதான் வாயில வந்துச்சா?”

“இன்னும் கொஞ்ச நாள் போனா உன்னத் தேடவே தேடாது. உனக்கும் நல்லதுதானே, நிம்மதியா பில்லு போடலாம்.”

அனுசுயா பாயில் உட்கார்ந்து நகத்தால் ஓரத்தை நெம்பினாள். தாள் பிரிந்து வந்தது. நீர்நாயின் வால் மட்டும் கிழிந்து வெள்ளையாய்த் தெரிந்தது. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்த வெண்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள்: “அம்மா வந்துவிட்டது. குட்டி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது.”

வெண்பா படத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நீ தப்பாப் படிக்கிற.”

“இல்லடி தங்கம், இதோ பாரு, இதான் எழுதியிருக்கு.”

“இல்ல. அம்மா வராது. உனக்குப் படிக்கத் தெரியல. அத்தைக்குத்தான் தெரியும்.”

மடியிலிருந்து நழுவி, மடித்துவைத்த துணியை மிதித்துக்கொண்டு போய் அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மணிமேகலையின் கை தானாக எழுந்து பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. அனுசுயாவைப் பார்த்த கண்ணில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது.

அனுசுயா எழுந்தாள். புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே விரித்து, நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“படிங்க அண்ணி. இதுல என்ன எழுதியிருக்கோ அத மட்டும், அவ காதுல விழற மாதிரி படிங்க.”