மிச்சமிருந்த காது

நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் அவளை மோட்டாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஐந்து பம்புகளோடு குடித்தனம். எதில் பேரிங் தேய்கிறது, எதில் காற்று புகுந்துவிட்டது என்று மீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அந்தக் கனத்த உறுமல்கள்தான் அவள் காதுகளில் மிஞ்சியிருந்தவை. மெல்லிய, கூரிய ஓசைகள் பத்து வருடத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மனிதர்கள் பேசுவது, சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்டது.

வீட்டில் கூத்துக்குக் குறைவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர் ஒருநாள் காலையில் "சாவி எங்க?" என்று கேட்க, "ஆவியா? பட்டப்பகல்லயா?" என்று பதறிப்போய் எழுந்தாள். அவர் சிரித்து முடிப்பதற்குள் வண்டிக்கு நேரமாகிவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் ஃபோனில் சொன்ன எண்ணை மாற்றிக் கேட்டு வேறு வால்வை மூடி, பாதி ஊர் தண்ணீரில்லாமல் தவித்தபோது சிரிப்பு வரவில்லை. காதில் மாட்டும் கருவியும் கைகொடுக்கவில்லை. அது உறுமலைத்தான் பெரிதாக்கியது, பேச்சைத் தெளிவாக்கவில்லை.

காக்ளியர் இம்பிளான்ட் வைக்கலாம் என்றார் காது டாக்டர். நிதானமான பெண்மணி.

"உள்ளே ஒரு மெல்லிய கம்பி போகும். நீங்க இழந்த சத்தத்தை அது நேரா நரம்புக்குக் கொடுக்கும்."

"இருக்கற சத்தம்?"

டாக்டர் மழுப்பவில்லை. "அது போகவும் வாய்ப்பிருக்கு. காதுக்குள்ள நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். வாசல்ல மெல்லிசு சத்தம், உள்கோடியில கனத்த சத்தம். உங்களுக்கு அந்தக் கோடி மட்டும் உயிரோட இருக்கு. கம்பி எங்கயாவது இடிச்சுதுன்னா அதுவும் போயிடும்."

"அப்ப வேணாம் டாக்டரம்மா. ரெண்டு காதும் இருந்தாத்தான் எந்தப் பக்கத்து பம்பு முனகுதுன்னே எனக்குத் தெரியும்."

"அதனாலதான் மெதுவா தள்ளுவேன். ரெண்டு சென்டிமீட்டர் கம்பிக்கு அஞ்சு நிமிஷத்துக்குக் குறையாது. தள்ளும்போதே உங்க காதுக்குச் சத்தம் கொடுத்து, அது பதில் சொல்லுதான்னு மெஷின்ல பாத்துட்டே இருப்போம். எல்லாருக்கும் மிஞ்சும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா இங்க எனக்கு ஆமைன்னு பேரு."

மோட்டாரம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்ல பேருங்க! வால்வை வெடுக்குனு திறக்கறவனை நானும் எங்க ஸ்டேஷனுக்குள்ள விடறதில்லை." அன்றே கையெழுத்துப் போட்டாள்.

இடது காதில் அறுவை சிகிச்சை நடந்தது. அவள் மயக்கத்தில் இருந்தபோது நடந்ததை, மெஷினைக் கவனித்த பெண் மறுநாள் வந்து சொன்னாள்.

"முக்கால்வாசி போனதும் உங்க காதோட பதில் சட்டுனு இறங்கிடுச்சு. டாக்டர் கை அப்படியே நின்னுது. ஒரு இழை பின்னால இழுத்து, கோணத்தை மாத்தினாங்க. பதில் மறுபடி மேல வந்துது. மிச்சத்துக்கு மட்டும் எட்டு நிமிஷம் ஆச்சு!"

ஆனால் முதல் வாரம் இடது காது பஞ்சடைத்ததுபோல் கிடந்தது. உள்ளே ரத்தமும் நீரும் கட்டியிருக்கும், பொறுங்கள் என்றார் டாக்டர். மோட்டாரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் நாள், விடுப்பில் இருந்தவள் கணவரை இழுத்துக்கொண்டு நீரேற்று நிலையத்துக்கே போய்விட்டாள். உள்ளே நின்றால் தரை அதிர்வே காட்டிக்கொடுத்துவிடும் என்று வெளியே புல்தரையில் நின்றாள். வலது காதை அடைப்பானால் அடைத்து, மேலே கணவரின் உள்ளங்கையையும் அழுத்தச் சொன்னாள். உள்ளே உடன் வேலை பார்ப்பவர் பம்புகளை மாற்றி மாற்றி ஓட்டினார்.

முதலில் ஒன்றுமில்லை. கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து, ஒரு முனகல்.

"ரெண்டு," என்றாள். சற்று நேரம் கழித்து, "இது மூணு. யோவ்! நான் இல்லாதப்ப இதுக்கு கிரீஸே போடலையா?"

உள்ளேயிருந்து தலையைச் சொறிந்துகொண்டு வந்தார் அந்த மனிதர். கணவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு மாதம் கழித்து, காதுக்கு வெளியே ஒரு கருவியை மாட்டி உள்ளே வைத்த கம்பியை இயக்கினார்கள். கணவர் பேச்சு, தகர டப்பாவுக்குள் அடைபட்ட குளவிபோல் ஒலித்தது.

"இதான் உங்க குரலா? கல்யாணத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

"இப்ப யோசிச்சு என்ன பண்ணப் போற?" என்றார் அவர். அதில் பாதி புரிந்தது. தினமும் அவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, அவள் திருப்பிச் சொன்னாள். வாரங்கள் போகப்போக, காது கேட்ட கனத்த சத்தமும் கம்பி தந்த மெல்லிய சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குளவி மெல்ல மனிதராயிற்று. ஆறாம் மாதப் பரிசோதனையில், பழைய கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருந்தது. "ஆனா இருக்கு," என்று டாக்டர் வரைபடத்தைத் தட்டிக்காட்டினார். அவருக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெளியூரில் படிக்கும் மகளுக்கு மோட்டாரம்மா தானே ஃபோன் போட்டாள். இத்தனை வருடமும் ஃபோனில் எழுதி அனுப்பித்தான் பேசிக்கொண்டார்கள்.

"அம்மாவா? நீயா பேசற? நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குதுடி. ஏன் இழுத்து இழுத்துப் பேசற? சாதாரணமா பேசு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"என்னடி, பேச்சையே காணோம்?"

"அழறேன்மா."

"அதுவும்தான் கேக்குது. மூக்கைச் சிந்திட்டு வா. அங்க என்னென்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாம சொல்லு."

மகள் சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் ஃபோனுக்காக இரண்டு முறை கையை நீட்டிப் பார்த்தார். மோட்டாரம்மா ஃபோனோடு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டாள்.