நாகனின் செருப்பு வார்

பிரசாந்துக்கு அந்தக் கேமின் மீது வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. சொந்தப் போன் என்பதால் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகல். இருங்காட்டுக்கோட்டையில் சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறை, உள்ளே உட்கார்ந்தால் மண்டை வெந்துவிடும். கேமைச் செய்தவன் இனியவன். பிரசாந்தோடு அதே அறையில் கிடப்பவன், ஒரகடத்தில் கார் சீட் செய்யும் அதே கம்பெனியில், அதே லைனில் நிற்பவன். ஒரு வருடமாக லீவு நாளெல்லாம் ஓட்டை லேப்டாப் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுது, ஒரு கோட்டையையும் அதற்கு ஏழு காவலர்களையும் வரைந்து வைத்திருந்தான். பகைவனுக்குக் கோட்டை வாசலைத் திறந்துவிட்ட துரோகி யார் என்று ஆடுகிறவன் கண்டுபிடிக்க வேண்டும். இன்றைக்குத்தான் முதன்முதலாக இரண்டு பேருக்கு ஆடக் கொடுக்கிறான். ஒருவன் பிரசாந்த். இன்னொருவர் மாரி, நாலு மணி வாக்கில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாரியும் இந்த அறையில் இருந்தவர்தான். மூலையில் சுருட்டிக் கிடக்கும் பாய் அவருடையது. பிரசாந்தை ஊரிலிருந்து கூட்டிவந்து, காண்ட்ராக்டர் கையைக் காலைப் பிடித்து வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று கேன்டீனில் ரகசியமாக ஆள் சேர்த்தார். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ரெண்டு மாதத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் மாரியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வராதே என்று அனுப்பிவிட்டார்கள்.

போட்டுக் கொடுத்தவன் பிரசாந்த். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டனுப்பி, உட்கார வைத்து, “அடுத்த தடவை நிரந்தரம் பண்ணும்போது உன்னை மறக்க மாட்டோம்” என்றார். இவன் மாரியின் பெயரைச் சொன்னான். அந்த நிரந்தரம் இன்றுவரை வந்த பாடில்லை. ஊரில் இவன் அம்மா தண்ணீர் பிடிப்பது மாரி வீட்டுக் குழாயில். மாரி இன்னும் இவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். விஷயம் வெளியே வந்தால் இந்த அறையும் போய்விடும், ஊரும் போய்விடும், அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது. ரெண்டு மாதமாகப் பிரசாந்த் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் சோறு தின்றான்.

இந்த நேரம் பார்த்துத்தானா இந்த இனியவன் துரோகியை வைத்துக் கேம் செய்ய வேண்டும்?

மத்தியானம் கேமைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவன் பெரிய மேதாவி மாதிரி வியாக்கியானம் வேறு பண்ணினான். கையில் கத்தி, முன்னால் வெங்காயம்.

“வில்லன் கடைசி சீன்ல திடீர்னு வந்து குதிக்கக் கூடாதுடா. அது ஏமாத்து வேலை. முதல் சீன்லயே நம்ம கண்ணு முன்னாடி நின்னுகினு சிரிக்கணும். அவன் யாருன்னு காட்டற குறிப்ப அங்கங்க போட்டு வெச்சிருக்கணும், ஆனா யாரும் கவனிக்கக் கூடாது. முடிஞ்சப்புறம் ஆடறவன், அட, அப்பவே தெரிஞ்சிருக்கணுமேன்னு தலையில அடிச்சிக்கணும்.”

“குறிப்ப எங்க வெச்ச?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டான் பிரசாந்த்.

“ஆடு, தெரியும்.”

ஆடினான். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஏழு காவலர்களில் நாகன் என்று ஒருவன். எல்லோரையும் கிண்டல் பண்ணிக்கொண்டு, எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டு திரிகிறவன். அவனுடைய கால்கள் பிரசாந்தின் கால்கள். இது பிரசாந்துக்கு முன்பே தெரியும். இனியவனுக்குக் கால் வரைய வராது. வரைந்தால் முருங்கைக்காய் மாதிரி இருக்கும். அதனால் ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்துப் பிரசாந்தின் காலைப் போட்டோ எடுத்தான், அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் இறங்கும்போதும் ஒன்று எடுத்தான். காலில் இருந்த கம்பெனி சேஃப்டி ஷூவைத்தான் கணுக்கால் வரை வார் கட்டிய தோல் செருப்பாக மாற்றி நாகனுக்கு மாட்டியிருந்தான்.

காலை சீனில் நாகன் வாசலில் நிற்கிறான். வாரின் நுனி ரெண்டும் செருப்புக்குள் சொருகியிருக்கிறது. லைனில் எல்லோரும் அப்படித்தான் லேஸைச் சொருக வேண்டும், தொங்கினால் ரோலரில் மாட்டிக்கொள்ளும் என்று சூப்பர்வைசர் தினம் குனிந்து பார்ப்பார். மாலை சீனில் நாகன் தண்ணீர்த் தொட்டியில் கால் வைத்து நிற்கிறான். வார் வெளியே பூ முடிச்சாகத் தொங்குகிறது.

பிரசாந்துக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. ஷூவைக் காலையில் அறையில் மாட்டினால் சாயங்காலம் அறையில்தான் கழற்றுவது. நடுவில் அவிழ்த்துக் கட்டும் இடம் கம்பெனியிலேயே ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எச்.ஆர். இருக்கிற ஆபீஸ் பிளாக். அங்கே வெள்ளை டைல்ஸ் அழுக்காகிவிடும் என்று ஷூவை வாசலில் ரேக்கில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போட்டோ எடுத்த அதே நாளில்தான் எச்.ஆர். கூப்பிட்டார்; வெளியே வந்து, அவசரத்தில் சொருக மறந்து பூ முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடிவந்தது பிரசாந்துக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடப்பாவி, எல்லாம் தெரிந்துகொண்டுதான் ரெண்டு மாதமாக ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றானா? மாரி வரும் நாளாகப் பார்த்து ஆடக் கொடுக்கிறானா? மேலே ஒரு சீன்கூட ஆடவில்லை பிரசாந்த். போனைப் பாயில் எறிந்துவிட்டு எழுந்தான்.

“அந்த நாகன எடுத்துடு.”

இனியவன் அடுப்பில் கறியைக் கிளறிக்கொண்டிருந்தான். “ஏன்டா, அவன் உன்ன இன்னா பண்ணான்?”

“எடுத்துடுன்னா எடுத்துடு. இல்லாட்டி காலையாவது மாத்து. மாரி அண்ணன் வர்றதுக்குள்ள மாத்து.”

“இன்னும் ஒரு மணி நேரத்துல எப்படிடா மாத்தறது? கால் நல்லாதான கீது?”

“நடிக்காதடா.” பிரசாந்தின் குரல் கீழ் வீடு வரை கேட்டிருக்கும். “எங்கிட்டயே நடிக்கிறியா? நேருக்கு நேரா கேக்க துப்பில்ல, பொம்ம வரைஞ்சி காட்றியா? காலையில வாரு உள்ள சொருகிக் கீது. சாயங்காலம் பூ முடிச்சு. நடுவுல அவுத்துக் கீறான்னுதான அர்த்தம்? ஆபீஸ் பிளாக்குக்குப் போனவன்தான் அவுப்பான், அங்கதான் ஷூவ ரேக்ல வெக்கச் சொல்றான். இத மாரி அண்ணன் பார்த்தா புரியாதா? புரியட்டும்னுதான வெச்சிகீற? நான் எதுக்குப் போனேன்னு உனக்கு இன்னாடா தெரியும்?”

இனியவன் கரண்டியைக் கீழே வைத்தான்.  கறி அடிபிடிக்கிற வாசனை வந்தது, அதை அவன் கவனிக்கவில்லை.

“ஆபீஸ் பிளாக்ல ஷூ அவுக்கணும்னு எனக்கு எப்படிடா தெரியும்?” என்று கேட்டான். “நம்ம காண்ட்ராக்ட் ஆளு எவன்டா அந்தப் படிய மிதிச்சிகீறான்?”

பிரசாந்த் பாயில் கிடந்த போனைத் திரும்பிப் பார்த்தான். 

“அது குறிப்பே இல்லடா. ரெண்டு போட்டோவ பார்த்து அப்படியே வரைஞ்சேன். முடிச்சு மாறிக் கீதுன்னு நீ சொல்லிதான் எனக்கே தெரியும். நாகன் துரோகியே இல்ல. முழுசா ஆடலயா நீ? முரசு அடிக்கிற கெழவன் ஒருத்தன் வரான் பாரு, அவன்தான். எதிரி வர்றத கோபுரத்துல நிக்கிறவன் பாக்கறதுக்கு முன்னாடியே அவன் முரசு அடிக்க ஆரம்பிச்சுடுவான். மூணு தடவ அப்படி வெச்சிருக்கேன். அதத்தான் நீ கண்டுபிடிக்கணும்.”

பிரசாந்துக்கு அப்போதுதான் உறைத்தது. முரசுச் சத்தம் கேட்டது உண்மைதான். சனியன் காதைத் துளைக்கிறதே என்று சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, செருப்பையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எவனும் கேட்காத கேள்விக்குத் தானே வலிய வந்து பதில் சொல்லியிருக்கிறான். இப்படியும் ஒரு மடையன் உண்டா என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இனியவன் தன் போனை எடுத்து அந்த ரெண்டு போட்டோவையும் பெரிசு பண்ணி, தேதியையும் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“மாரி அண்ணன அனுப்பினாங்களே, அதுக்கு முந்தின நாளு.”

“டேய், கேளுடா.”

“அவரு உன்ன வேலைக்கு இட்டாந்தாருடா.”

“நீ பெரிய யோக்கியனா?” பிரசாந்த் பாய்ந்து அவன் பனியனைப் பிடித்தான். “கூட்டத்துக்கு வாடான்னு அவரு கூப்பிட்டப்ப வயித்து வலின்னு படுத்துக்கினவன்தான நீ? உனக்குப் பயம் இல்ல? எனக்கு மட்டும்தான் பயமா?”

“படுத்துக்கினேன். இல்லன்னு சொல்லல.” இனியவன் அந்தக் கையைப் பிய்த்துத் தள்ளினான். “ஆனா அவர் பேர நான் சொல்லல. கைய எடு, நாத்தம் புடிச்சவனே.”

நாலு வருடமாக ஒரே தட்டில் தின்றவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. பிரசாந்த் கட்டிலின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். அழுகை வந்தது. அது வந்ததற்கும் கோபம் வந்தது.

“மாரி அண்ணன்கிட்ட சொல்லாதடா. எங்கம்மாவ நெனச்சாவது சொல்லாத. உன் கால்ல வேணா விழறேன்.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“அந்தக் கால மாத்திடு.”

“மாத்த மாட்டேன்.” இனியவன் தீய்ந்துபோன கறியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தான். “வெச்சது வெச்சபடி இருக்கட்டும். அவரு பார்த்தா பார்க்கட்டும், பார்க்காட்டி போவட்டும்.”

கிளம்பிவிடலாமா என்று பிரசாந்த் எழுந்தான். வாசலில் அவனுடைய சேஃப்டி ஷூ கிடந்தது. அதை எடுப்பதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பக் கட்டிலிலேயே போய் உட்கார்ந்தான்.

மாரி வியர்த்து விறுவிறுத்து வந்தார். இளைத்திருந்தார். சுங்குவார்சத்திரத்தில் ஒரு குடோனில் மூட்டை தூக்குவதாகக் கேள்வி. கையில் ஒரு பை.

“தம்பி, ஊருக்குப் போயிருந்தேன், உங்கம்மா முறுக்கு சுட்டுக் குடுத்தாங்க. உனக்குப் புடிக்கும்னு பொட்டுக்கடல போட்டாங்களாம்.” ரெண்டு முறுக்கைத் தனக்கு எடுத்துக்கொண்டு பையைப் பிரசாந்தின் மடியில் வைத்தார். “இன்னாடா, மூஞ்சி வீங்கிக் கீது? உடம்பு சரியில்லயா?”

“சூடுண்ணா.”

மாரி தன் பழைய பாயின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். “எங்கடா உன் கோட்ட, எடு” என்றார். இனியவன் போனைக் கொடுத்தான், பிரசாந்த் பக்கம் திரும்பவே இல்லை.

மாரிக்குக் கேமெல்லாம் பழக்கமில்லை. வாயில் முறுக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஆடினார். வாசல் சீன் போனது. சமையற்கட்டு சீன் போனது. முரசு அடித்தபோது, “இவன் எதுக்குடா இப்பவே தட்றான்?” என்று கேட்டார்.  பிரசாந்த் அதைக் கேட்டுக் கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டான். அந்தக் கிழவனையே பிடித்துக்கொள், அண்ணா, அங்கேயே நில்.

தண்ணீர்த் தொட்டி சீன் வந்தது. மாரி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பின்னால் போய் வாசல் சீனைப் பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார்.

“இவன் நடுவுல எங்கயோ அவுத்துட்டு வந்துகீறான்டா” என்று சிரித்தார். “என்ன அனுப்பினப்ப ஆபீஸ் வாசல்ல முதல்ல ஷூவதான் அவுக்கச் சொன்னானுங்க. ரெண்டு பேரு நாக்காலியில உக்காந்துகினு, என்ன வெறுங்கால்ல நிக்க வெச்சானுங்க. வெளிய வந்து லேஸ் கட்டறதுக்குக் கூட கை வரல.” முறுக்கை இன்னொரு கடி கடித்தார். “இந்தக் காலு யாருதுடா? பார்த்த காலாட்டம் கீதே.”

இனியவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. போனைப் பார்த்தார். வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தார். அப்புறம் பிரசாந்தைப் பார்த்தார். வாயில் இருந்த முறுக்கை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். தம்பி என்று கூப்பிடவில்லை. பெயரையும் சொல்லவில்லை.

பிரசாந்த் செருப்பில்லாத கால் ரெண்டையும் கட்டிலுக்குக் கீழே இழுத்துக்கொண்டான். அம்மா கொடுத்தனுப்பிய பை மடியில் இன்னும் கனத்துக் கிடந்தது.