நூற்று எண்பத்தேழு படிகள்

எடெல்மிராவின் இடது காது கேட்காமல் போய் மூன்று வாரம் ஆகிறது. கணவன் வால்தெமார் அறைந்த அறை அப்படி. மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்ற ஹாசிந்தாவின் வீட்டில் ஒளிந்திருந்தாள். பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் ஓரத்தில் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் பலகை வீடு. ஹாசிந்தா அங்கே குடிவந்தது போன வருடம்தான். வால்தெமாருக்கு அந்த வழி தெரியாது. எடெல்மிரா உயிரோடு இருந்தது அந்த ஒன்றால்தான்.

ஹாசிந்தாதான் நச்சரித்து அவளைக் காவல் நிலையத்துக்கு அனுப்பினாள். அவன் இருநூறு மீட்டருக்குள் வரக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போடுவாராம். எழுத்தர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத மலையில் மின் இணைப்புக்கும் வழி காட்டும் படம், பள்ளிச் சேர்க்கைக்கும் படம். இதற்கும் படம்தான்.

அவசரமாக மூன்று கோடு இழுத்துக் கொடுத்தாள். எழுத்தருக்குச் சிரிப்பு வந்தது.

"இதை வெச்சுக்கிட்டு யாரும்மா வருவா? அவன் வந்து கதவை இடிச்சா, நாங்க எந்தப் படியில ஏறுறது?"

அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. பாவி மகள், உட்கார்ந்து ஆற அமர வரைந்தாள். லாரி நிற்கும் திருப்பம், மஞ்சள் படிக்கட்டு, அதில் நூற்று எண்பத்தேழு படி, இடது கைப் பக்கம் ரொட்டிக் கடை, மூன்றுகால் நாய் கிடக்கும் வீடு, அதை ஒட்டி சிவப்பு மூடி போட்ட தண்ணீர்ப் பீப்பாய். பீப்பாய்க்குப் பின்னால் கதவு. கதவுக்குத் தாழ் இல்லாததை மட்டும்தான் எழுதவில்லை. எழுத்தர் பாராட்டினார். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

வியாழக்கிழமை காலை ஒரு காவலர் மூச்சு வாங்க ஏறிவந்து உத்தரவைக் கொடுத்தார். வால்தெமாருக்கு நேற்றே கொடுத்தாகிவிட்டது, கையெழுத்தும் போட்டுவிட்டான் என்றார். ஹாசிந்தா அவருக்கு அவித்த மக்காச்சோளம் கொடுத்தாள். எடெல்மிரா தாள்களைப் புரட்டினாள். கடைசித் தாளில் அவள் வரைந்த படம், மேலே வட்ட முத்திரை.

"அவருக்கும் இந்தத் தாள் போச்சா?"

"முழுக் கட்டும் குடுக்கணும்மா. எதை வெச்சுத் தடை போட்டாங்கன்னு அவருக்கும் தெரியணும்ல. சட்டம் அப்படி," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஹாசிந்தா வெளியே போய், சிவப்பு மூடியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு இருவருமாகத் துணிகளை மூட்டை கட்டினார்கள். மகளுக்கு ஒரு கால் செருப்பு கிடைக்கவில்லை. அந்த அற்பச் செருப்பைத் தேடித்தான் நேரம் போயிற்று.

வெளியே மூன்றுகால் நாய் குரைத்தது. ஒரு காது மட்டும் கேட்கும் எடெல்மிராவுக்கு அது எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை; மகளின் முகத்தில்தான் தெரிந்துகொண்டாள். தாழ் இல்லாத கதவு ஒரே தள்ளில் திறந்தது. வால்தெமார் குளித்து, தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். கையில் அந்தத் தாள்.

"ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கே, எடெல்," என்றான். "யாரையும் வழி கேக்கவே வேண்டி வரல."