கோப்பி விழுங்கிய சாலை

தண்ணீர் நின்றுபோனதால்தான் அது நடந்தது. புக்கிட் காத்திலில் நாங்கள் வேலை செய்யும் டோபிக் கடையில் அன்று பதினொரு மணிக்கே எல்லா மெஷின்களும் ஓய்ந்துவிட்டன. துணி மடிக்கும் கமலவேணி அக்கா ரப்பர் வளையம் தேடி என் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிளாஸ்டிக் பைகளுக்கு அடியில் என் நோட்டுப்புத்தகம் இருந்தது.

நான் எட்டிப் பிடிப்பதற்குள் இஸ்திரி போடும் பெத்தம்மாள் அக்கா, சும்மாதானே இருக்கிறோம், படி, கேட்போம் என்று கமலவேணி அக்காவிடம் சொல்லிவிட்டார். வேன் ஓட்டும் ஹரிதாஸ் அண்ணனும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பக்கக் கதைதான். சிம்பாங் அம்பாட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறது. அங்கே நாய் வளர்க்க விடமாட்டார்கள். கோப்பி என்ற நாய் மரத்தில் கட்டிக் கிடக்கிறது. லாரி மறைந்ததும் அது முதலில் கயிற்றை விழுங்குகிறது. பிறகு லாரி போன சாலையை விழுங்கிக்கொண்டே நடக்கிறது. அது கடந்த இடத்தில் சாலை இல்லை. செம்பனை மரங்கள் நெருங்கி நின்றுகொள்கின்றன. மூன்றாம் நாள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து படுக்கிறது. வயிறு முழுக்கச் சாலை இருப்பதால் குரைக்க முடியவில்லை. மேலே இருப்பவர்களுக்கு அது வந்ததே தெரியாது.

கமலவேணி அக்கா படித்து முடிக்கும்வரை நான் சோப்புத்தூள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது நிஜமா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. யாருமே கேட்காமல் போய்விடுவார்களோ என்றும் இருந்தது.

“தார் ரோட்ட எப்படிலா முழுங்கும்?” என்றார் ஹரிதாஸ் அண்ணன். “டோல்லயே பிடிச்சு நிறுத்தியிருப்பானுங்க.”

சிரித்தவர், கொஞ்ச நேரத்தில் தன் பூனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வேனின் சூடான பானெட்டுக்குள் தூங்குமாம். காணாமல் போய் ஆறு வருடம் ஆகிறது. இன்றும் காலையில் பானெட்டைத் தட்டிவிட்டுத்தான் சாவி போடுவாராம். பெத்தம்மாள் அக்கா வளர்த்த மைனா, அவருடைய புருஷனைப் போலவே இருமும். புருஷன் இறந்த பிறகும் அது இருமிக்கொண்டிருந்தது. அது பறந்துபோன அன்றைக்குத்தான் வீடு காலியானது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் யாரோ ஒருவருடைய ஆடு, யாரோ ஒருவருடைய முயல். நல்லா எழுதியிருக்க பிள்ள என்றார்கள். கோப்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. நோட்டு மேசைமேல் கிடந்தது. எடுத்து உள்ளே வைத்தேன்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. மாலையில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்க நானும் கமலவேணி அக்காவும் நின்றோம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்துவிட்டு, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். அப்படி முகம் பக்கத்தில் வந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

“கதையில கயிறு வருதே புனிதா. அத யாரு கட்டுனா?”

முனைகளை அவர் கையில் கொடுத்தேன். “நான்தாக்கா. லாரி பின்னால ஓடி வரும்னு அப்பா கட்டச் சொன்னாரு. பக்கத்து வீட்டு சுப்பன் மாமா சாயங்காலம் அவுத்து விடுறேன்னாரு.”

“அவுத்தாரா?”

“தெரியலக்கா.”

“போய்ப் பாக்கலியா?”

ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிவிட்டது. சாலை அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த விரிப்பை மடித்து முடித்தோம்.

“இறுக்கியா கட்டுன?”

“ஆமாக்கா.”

அவர் கூடையிலிருந்து இன்னொரு விரிப்பை எடுத்து என் பக்கம் இரண்டு முனைகளை நீட்டினார். வாங்கிக்கொண்டு, துணி விறைத்து நிற்கும்வரை பின்னால் நடந்தேன்.