இரண்டு பெடல் வாகனம்

தனுஷிகாவின் புது வாகனம் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், பெற்றோல் எஞ்சின், தானே கியர் மாற்றிக்கொள்ளும் சின்ன எஸ்.யூ.வி. வாகன இறக்குமதித் தடை நீங்கியதும் பெயரைப் பதிந்து, ஐந்து மாதம் காத்திருந்து எடுத்தது.

அவளுக்கு வயது முப்பத்துநான்கு. உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். காலையில் சுன்னாகத்தில் ஒரு ரியூற்றரியில் தனியார் வகுப்பு, பின்னேரம் சாவகச்சேரியில் இன்னொன்று. யுத்தத்தின் கடைசி மாதங்களில், பதினெட்டு வயதில், இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்திருந்தாள். பொய்க்காலோடு பஸ்ஸில் ஏறி இறங்கியே பத்து வருஷம் படிப்பித்தாள். கிளச் மிதிக்க இடது கால் வேண்டும். இதிலோ பிறேக் ஒன்று, அக்சிலேற்றர் ஒன்று, இரண்டே இரண்டு பெடல்தான். இரண்டுக்கும் வலது கால் போதும். இப்படி ஒரு வாகனம் வாங்குவதென்று முடிவெடுத்து, லைசன்சைப் போன வருஷமே எடுத்து வைத்திருந்தாள்.

கொழும்பிலிருந்து அதை ஓட்டிவந்தவன் அவளுடைய கணவன் ஜெயதீபன். வெங்காய வியாபாரி. பதினைந்து வருஷமாகச் சின்ன லொறி ஒன்றில் தோட்டங்களுக்கும் சுன்னாகம் சந்தைக்கும் ஓடுகிறவன். ஆனையிறவு தாண்டும்வரை, "காலுக்கு வேலையே இல்லையப்பா" என்று புகழ்ந்துகொண்டு வந்தான். கொடிகாமத்துக்குக் கிட்ட மாடொன்று குறுக்கே வந்தது. பழக்கதோஷத்தில் இல்லாத கிளச்சை இடது காலால் ஓங்கி மிதித்தான். அகப்பட்டது பிறேக். வாகனம் அடித்துவைத்தாற்போல் நின்றது. பின்சீற்றிலிருந்த அவனுடைய தாய் மீனாம்பிகையின் மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பு முன்னால் பறந்து வந்து விழுந்தது. மாடு ஒன்றும் நடக்காததுபோல் போயிற்று.

"உது பிறேக் சரியில்லை. தொட்டவுடனை பிடிக்குது" என்றான் ஜெயதீபன்.

முன்சீற்றிலிருந்த தனுஷிகா பழங்களைப் பொறுக்கினாள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவன்தான் ஓட்டினான். காலையில் அவளை ரியூற்றரியில் இறக்குவான், பின்னேரம் சாவகச்சேரிக்குக் கொண்டுபோவான். அவள் தான் ஓட்ட வாகனத் திறப்பைக் கேட்டால், "வாகனம் கொஞ்சம் பழகட்டும்" என்பான்.

"வாகனமே பழகவேணும்? நானெல்லோ பழகவேணும்?"

"அவசரப்படாதையுமப்பா."

இடது சீற்றில் இருந்தபடியே அவள் தன் வாகனத்தை அறிந்துகொண்டாள். சீற்றின் உயரம் அவளுக்கென்று அளந்து வைத்ததுபோல் இருந்தது. முதலில் இருந்துவிட்டுப் பிறகு பொய்க்காலைத் தூக்கி உள்ளே வைத்தால் சரி, முழங்காலை மடக்கி அல்லற்பட வேண்டியதில்லை. ஏசி இரண்டு நிமிஷத்தில் குளிர்ந்தது. குறைகளும் இருந்தன. ஒடுக்கமான ஒழுங்கைகளின் குழிகளில் இடுப்பு குலுங்கியது. பின்சீற்று ஜன்னல் சின்னதாக இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று மாமி முறையிட்டார். சைக்கிள், வேலி, நாய் எது கிட்ட வந்தாலும் வாகனம் எச்சரித்துக் கீச்சிட்டது. லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். ஊருக்குள் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஜெயதீபன் அவளுக்குப் போன் எடுத்தான். உரும்பிராயில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு நின்றான்.

"லோட் முடிய நேரம் செல்லும். இண்டைக்கு ஓட்டோவிலை போம்."

வழக்கமான ஓட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. சோதனைக்கு முந்திய மீட்டல் வகுப்பு. அறுபது பிள்ளைகள் காத்திருப்பார்கள். தனுஷிகா விறாந்தையில் நின்று மறுபடி நம்பரை அழுத்துவதை மீனாம்பிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாகனம் முத்தத்திலை நிக்குது. லைசன்ஸ் உம்மட்டைக் கிடக்குது. பிறகேன் பிள்ளை ஓட்டோ?"

"தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்குது மாமி."

"ஆர் தனியப் போகச் சொன்னது? சீலையை மாத்திக்கொண்டு வாறன்."

கந்தரோடை ஒழுங்கையிலிருந்து வாகனம் நடைவேகத்தில் வெளியே வந்தது. மாமி முன்சீற்றில் இருந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சுன்னாகத்தில் ரயில் கேற் பூட்டியிருந்தது. தனுஷிகா பிறேக்கை மிதித்து நிறுத்தினாள். நின்ற கையோடு எஞ்சினும் நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் வாகன வரிசை.

"என்ன பிள்ளை, நிண்டிட்டுதே?"

"தெரியேல்லை மாமி. நான் ஒண்டும் செய்யேல்லை."

ரயில் தடதடத்துப் போயிற்று. கேற் உயர்ந்தது. பஸ்காரன் ஹோர்னை அழுத்தியபடியே இருந்தான். முதல் நாளே பழுதாக்கிவிட்டேன், இனி மனுசன் திறப்பைத் தொடவும் விடமாட்டார் என்று அவள் மனதில் ஓடியது. என்ன செய்வதென்று தெரியாமல் பிறேக்கிலிருந்து காலை எடுத்தாள். எஞ்சின் தானே உயிர்த்தது. வாகனம் மெல்ல நகர்ந்து தண்டவாளத்தைக் கடந்தது.

"இது தன்ரை பாட்டிலை நிண்டு தன்ரை பாட்டிலை வெளிக்கிடுது" என்றார் மீனாம்பிகை. தனுஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தோள் இறுக்கம் விட்டுப்போயிற்று.

புத்தூர் தாண்டி மீசாலை வீதியில் இரண்டு பக்கமும் வெளித்தது. அறுபதில் ஓட்டினாள். வலது கால் எதைக் கேட்டதோ அதை வாகனம் செய்தது. பத்து வருஷம் பஸ் ஜன்னலால் பார்த்த கடல்நீரேரியை இப்போது நேரே பார்த்தாள். மாமி கைப்பிடியை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. சாவகச்சேரி ரியூற்றரி ஒழுங்கையில் திரும்பும்போது மட்டும் கிளுவை வேலி இடப்பக்கக் கதவை உரசியது. உரசிய சத்தம் அவளுக்கும் கேட்டது.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தபோது ஜெயதீபன் வாசல் படலையில் நின்றான். வாகனத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தான். கதவில் விரல்நீளக் கீறலைக் கண்டு குனிந்தான்.

"அது முதலே கிடந்ததடா" என்றார் தாய்.

"இல்லை மாமி. நான்தான். வேலியிலை உரஞ்சினது" என்றாள் தனுஷிகா. பிறகு அவனிடம் கேட்டாள். "கேற்றடியிலை எஞ்சின் நிண்டுபோச்சு. நீங்கள் ஓட்டேக்கை ஒரு நாளும் நிக்கேல்லையே?"

"ஓ, பெற்றோல் மிச்சம் பிடிக்க அது தானா நிக்கும். அதை நிப்பாட்ட ஒரு சுவிச் இருக்கு. எனக்கு அது பிடிக்கிறேல்லை. வெளிக்கிடேக்கை அமத்தி விடுறனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

அவன் கீறலை விரலால் தடவினான்.

"நீர் ஓட்டுவீர் எண்டு நினைக்கேல்லை."

சொன்னபிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவனுக்கே விளங்கியிருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. தனுஷிகா வாகனக் கதவைப் பிடித்தபடி நின்றாள். கோபத்தைவிடக் களைப்புத்தான் மேலே வந்தது.

"நான் ஓட்டத்தானே வாங்கினது" என்றாள் கடைசியில். திறப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவள் வெளிக்கிடும்போது ஜெயதீபன் தானாகவே வந்து இடப்பக்கச் சீற்றில் ஏறினான். மடியில் வாகனத்தோடு வந்த தடித்த புத்தகம். ஒவ்வொரு சுவிச்சாகத் தொட்டுக் காட்டினான். சிலது அவனுக்கே தெரியவில்லை, இருவரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். கீச்சிடும் சத்தத்தைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். எஞ்சின் தானே நிற்பதைத் தடுக்கும் சுவிச்சை அவள் தொடவில்லை, அப்படியே விட்டாள். அந்த மாதம் லீற்றருக்குப் பதின்மூன்றரைக் கிலோமீற்றர் ஓடியது.

புரட்டாசி முதல் ஞாயிறு மீனாம்பிகை கீரிமலைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். தனுஷிகா ஓட்டினாள், மாமி முன்சீற்றில் கதைத்துக்கொண்டு வந்தார். ஜெயதீபன் பின்சீற்றில். தெல்லிப்பழை தாண்டுமுன்னமே அவன் வாயைத் திறந்தபடி நித்திரையாகிப் போயிருந்தான்.